குடல் நோயும் ஈரல் நோயும்: மரபணுச் சான்றின் பயனும் எல்லையும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்துள்ள மட்டாஞ்சேரி பரப்பளவில் சிறியது. மக்கள் வகையால் பெரியது. 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடம் அங்கே இன்றும் நிற்கிறது. அதே ஊரில் கொங்கணி மொழி பேசும் கௌட சாரஸ்வதரின் திருமலைக் கோயிலும் உண்டு. குஜராத்திலிருந்து வந்த வணிகரும், சமணரும், கச்சி மேமன் முஸ்லிம்களும் மிளகும் இஞ்சியும் கைமாறிய கடைத்தெருக்களை ஒட்டியே குடியேறினர். அண்மையிலுள்ள கொச்சிக் கோட்டைப் பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறைகளாகச் சலவைத் தொழில் நடத்தி வந்துள்ளன. ஒரே கடற்காற்றைச் சுவாசித்து, ஒரே சந்தையில் பொருள் வாங்கி வாழ்ந்த இம்மக்கள், மணவுறவை மட்டும் பெரும்பாலும் தத்தம் சமூகத்துக்குள்ளேயே வைத்துக் கொண்டனர்.

வரலாற்று ஆசிரியருக்கு இது சுவையான செய்தி. மரபியல் அறிஞருக்கோ இது ஒரு வாய்ப்பு. அதே வேளையில் ஓர் எச்சரிக்கையுமாகும். ஒரே நோயாளியிடம் குடல் நோயும் ஈரல் நோயும் சேர்ந்து காணப்படும்போது, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா, அல்லது இரண்டும் வேறொரு காரணத்தின் விளைவுகளா என்பதை மரபணுக்களைக் கொண்டு தெளிய முயலும் ஆராய்ச்சி உலகெங்கும் பெருகி வருகிறது. இம்முறை நம் நாட்டுக்கும் வேண்டப்படுவதே. ஆயினும், பிற நாட்டு முடிவுகளை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவதாலோ, இரத்த மாதிரிகளை மட்டும் திரட்டிக் குவிப்பதாலோ பயன் விளையாது. அதற்கான காரணங்களை மட்டாஞ்சேரி போன்ற ஓர் ஊரை மனத்தில் நிறுத்தி ஆராய்வது தகும்.

இரு உறுப்புகள், ஒரு பாதை

குடலும் ஈரலும் தொலைவில் உள்ள உறுப்புகள் போலத் தோன்றினும், உடலின் அமைப்பில் அவை நெருங்கிய உறவினர். ஈரலுக்குச் செல்லும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவே செல்கிறது. குடல் உறிஞ்சிய உணவுச் சத்தும், குடற்சுவரைக் கடந்து வரும் நுண்ணுயிர்க் கழிவும் முதலில் சென்றடையும் இடம் ஈரலே. மறுபுறம், ஈரல் சுரக்கும் பித்தம் குடலில் இறங்குகிறது. அதிலுள்ள பித்த அமிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வரையில் குடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்புகிறது. இங்ஙனம் போக்கும் வரவும் ஓயாது நிகழும் பாதையில், ஓரிடத்துக் கேடு மற்றோரிடத்தைத் தாக்குதல் வியப்பன்று.

இவ்வுறவின் மிகத் தெளிவான சான்று, பித்த நாளங்களில் அழற்சி தோன்றி, அவை தழும்பேறி, ஆங்காங்கே குறுகிவிடும் நோயாகும். மருத்துவர் இதனைப் ‘பிரைமரி ஸ்கிளரோசிங் காலஞ்சைட்டிஸ்’ என்பர். பித்தம் தேங்கி, நாளடைவில் ஈரல் சுருங்கிக் கெட்டுப் போகும் இந்நோயின் போக்கை நிறுத்துவதாக நிலைநாட்டப்பட்ட மருந்து எதுவும் இல்லை. பித்தத்தைத் தளர்த்தும் அர்சோடியாக்சிகோலிக் அமிலத்தை உயர்ந்த அளவில் கொடுத்து அமெரிக்காவில் நடத்திய சோதனை, நன்மைக்கு மாறாகத் தீமை மிகுந்ததை 2009-இல் வெளிப்படுத்தியது. முற்றிய நிலையில் மாற்று ஈரல் பொருத்துவது ஒன்றே வழி. அதன் பின்னரும் நோய் சிலரிடம் திரும்பி வருகிறது.

வட ஐரோப்பிய நாடுகளில் இந்நோயுடையோரில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வரை பெருங்குடல் அழற்சியும் உடையவர்கள். அவ்வழற்சியில் பெரும்பாலானது, பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் வகையைச் சார்ந்தது. அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் அபாயமும் மிகுதி. கவலைக்குரிய மற்றொரு செய்தி யாதெனில், ஈரல் நோயுடன் சேர்ந்து வரும் குடல் அழற்சி பல சமயங்களில் வெளிப்பட வருத்துவதில்லை. வயிற்றுவலியோ இரத்தப் போக்கோ இன்றியே அது உள்ளிருக்கக்கூடும். ஆகையால் இவ்விரு நோய்களின் தொடர்பு ஏட்டளவான கேள்வியன்று; எவரை எப்போது எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் கேள்வியாகும்.

முன்னும் பின்னும் காரணமாகா

எது முன்னே தோன்றிற்றோ அதுவே காரணம் எனக் கொள்ளுதல் மனித இயல்பு. இங்கு அவ்வழி செல்லாது. பல நோயாளிகளிடம் குடல் நோயே முதலில் கண்டறியப்படுகிறது. ஆனால், நோயுற்ற பெருங்குடலை அறுவை மூலம் அகற்றிப் பல ஆண்டுகள் சென்ற பின்னர் ஈரல் நோய் தலைகாட்டுவதும் உண்டு. மாற்று ஈரல் பொருத்தப்பட்ட பிறகு குடல் நோய் முதன்முறையாக வெளிப்படுவதும் உண்டு. நோய் கண்டறியப்பட்ட தேதி வேறு, நோய் தொடங்கிய தேதி வேறு. அதற்கு மேலும், உண்ட மருந்து, உணவுப் பழக்கம், புகைப்பழக்கம், வறுமை முதலியவை இரு நோய்களையும் தொட்டுக் குழப்புகின்றன.

இக்குழப்பத்தைப் பிரிக்க மரபணு ஒரு கருவியாகப் பயன்படும் என்னும் எண்ணத்தை 1986-இல் நெதர்லாந்து நாட்டு அறிஞர் மார்ட்டின் காட்டன் ‘லான்செட்’ இதழில் எழுதிய கடிதத்தில் முன்வைத்தார். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்தவர்களிடம் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறதே, குறைவு புற்றுநோயை விளைவித்ததா, அன்றி மறைந்திருந்த புற்றுநோய் கொலஸ்ட்ராலைக் குறைத்ததா என்பது அன்றைய ஐயம். பிறப்பிலேயே கொலஸ்ட்ராலைக் குறைத்து வைக்கும் மரபணு வகை உடையவர்களை நோக்கினால் விடை கிடைக்கும் என்பது அவர் கருத்து. ஏனெனில், நோய் வந்ததால் மரபணு மாறுவதில்லை. தாய் தந்தையரின் மரபணு வகைகளில் எது குழந்தைக்கு வாய்க்கும் என்பது சீட்டுக் குலுக்கல் போன்றது. அதைச் செல்வமோ உணவோ நிர்ணயிப்பதில்லை. 2003-இல் பிரிட்டனைச் சேர்ந்த டேவி ஸ்மித்தும் எப்ராஹிமும் இம்முறையை விரிவாக எடுத்துரைத்த பின்னர் அது பரவலாயிற்று. மெண்டலின் பெயரால் அது வழங்குகிறது.

இம்முறையைக் குடலுக்கும் ஈரலுக்கும் பொருத்துவது எளிதே. பெருங்குடல் அழற்சியைத் தூண்டும் மரபணு வகைகள் பலவற்றை எடுத்துக் கொள்க. குடல் அழற்சியே பித்த நாள நோய்க்குக் காரணமாயின், அவ்வகைகள் ஒவ்வொன்றும் குடலை எவ்வளவு தாக்குகிறதோ அதற்கேற்ற விகிதத்தில் பித்த நாளத்தையும் தாக்க வேண்டும். பின்னர் இதே கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பார்க்கலாம். ஆயினும் இக்கணக்கு மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. மரபணு வகை முதல் நோயுடன் உறுதியாகத் தொடர்புற்றிருத்தல் வேண்டும். வம்சம், வாழிடம் முதலிய வேறு காரணங்களுடன் அது பின்னியிருத்தல் கூடாது. இரண்டாவது நோயை அது முதல் நோயின் வழியாக மட்டுமே பாதிக்க வேண்டும். தனிவழி ஒன்று இருத்தலாகாது.

கண்டவை

மூன்றாம் நிபந்தனை எத்துணைக் கடினமானது என்பதற்கு எஃப்.யூ.டி.-2 என்னும் மரபணு நல்ல எடுத்துக்காட்டு. இரத்த வகைக்குரிய சர்க்கரைக் குறிகளை உடலின் சளிப் படலங்களில் வெளியிடச் செய்வது இதன் பணி. 1952-இல் பம்பாயில் பெண்டே முதலிய மருத்துவர்கள் கண்டறிந்த ‘பம்பாய் இரத்த வகை’ இதற்கும் இதன் உடன்பிறப்பான எஃப்.யூ.டி.-1 மரபணுவுக்கும் ஏற்படும் குறையால் தோன்றுவதே. எஃப்.யூ.டி.-2 பணி செய்யாத வகை குரோன் நோயுடனும் பித்த நாள நோயுடனும் தொடர்புற்றிருப்பது ஐரோப்பிய வம்சத்தாரிடம் காணப்பட்டுள்ளது. ஆனால் அச்சர்க்கரைக் குறிகள் குடற்சுவரிலும் உள்ளன, பித்த நாளச் சுவரிலும் உள்ளன. ஆகவே ஒரே மரபணு இரு இடங்களிலும் தனித்தனியே தீங்கு செய்திருக்கலாம். அதனைக் கொண்டு குடல் நோய் ஈரல் நோயை விளைவித்தது எனத் தீர்ப்பு வழங்குதல் பிழையாகும்.

ஆறாவது குரோமோசோமில் நெருங்கிக் கிடக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்களின் செய்தியும் இத்தகையதே. பித்த நாள நோய்க்கும் எச்.எல்.ஏ. பி-8 வகைக்கும் உள்ள தொடர்பு 1982-லேயே வெளிவந்தது. இன்றளவும் இந்நோயுடன் மிக வலுவாகத் தொடர்புற்ற பகுதி அதுவே. எனினும் அங்கே மரபணுக்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தே வழிவருவதால், குற்றவாளி எது, உடன் நின்றது எது எனப் பிரித்தறிதல் அரிது.

2017-இல் வெளிவந்த பன்னாட்டு ஆராய்ச்சி ஒன்று, ஐரோப்பிய வம்சத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 4,800 பித்த நாள நோயாளிகளின் மரபணுக்களைக் குடல் நோயாளிகளின் மரபணுக்களுடன் ஒப்பிட்டது. முழு ஒற்றுமையை 1 எனவும், ஒற்றுமையின்மையை 0 எனவும் கொண்டால், பித்த நாள நோய்க்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் உள்ள மரபணு ஒற்றுமை ஏறத்தாழ 0.29 என அவ்வாராய்ச்சி கணக்கிட்டது. குரோன் நோயுடன் உள்ள ஒற்றுமையோ மிகச் சிறிதே. இரு நோய்களும் ஒரே உடலில் சந்திக்கும் அளவை நோக்குமிடத்து, பகிர்ந்து கொண்ட மரபணுக்கள் அதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகின்றன என்பது தெளிவாயிற்று. எஞ்சியதை வேறெங்கோ தேட வேண்டும்: குடல் நுண்ணுயிர்களிலோ, பித்த அமிலங்களின் சுழற்சியிலோ, குடலில் பயிற்சி பெற்று ஈரலுக்கு இடம் மாறும் வெள்ளணுக்களிலோ. மரபணு ஆராய்ச்சியின் சிறப்பு இதுவே எனலாம். தான் விளக்கியதோடு, தன்னால் விளக்கவியலாதது எவ்வளவு என்பதையும் அது அளந்து காட்டுகிறது.

பெயரும் மரபணுவும்

இவையனைத்தும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரிடம் கண்டவை. இவற்றை நம் நாட்டுக்கு அப்படியே பெயர்க்கலாமா? அனுபவம் கூடாது என்கிறது. குரோன் நோயுடன் தொடர்புற்ற நாட்-2 மரபணு 2001-இல் கண்டறியப்பட்டபோது பெரும் வரவேற்புப் பெற்றது. அதன் மூன்று முக்கிய மாற்றங்கள் ஐரோப்பியரிடமும், ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதரிடமும் காணப்பட்டன. ஆனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர் இந்திய நோயாளிகளிடம் தேடியபோது அவை மிக அரிதாகவே தென்பட்டன. எச்.எல்.ஏ. பி-8 வகையும் இந்தியரிடம் ஐரோப்பியரின் அதே கூட்டத்துடன் வருவதில்லை. ஐரோப்பியரிடம் அதனுடன் ஏ-1 வருமிடத்தில் இந்தியரிடம் ஏ-26 சேர்ந்து வருவதை டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் விளக்கியுள்ளனர். வடஇந்திய அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் டில்லிப் பல்கலைக் கழகமும் லூதியானா மருத்துவரும் சேர்ந்து நடத்தி 2015-இல் வெளியிட்ட மரபணுத்தொகுதி ஆராய்ச்சியும் ஆறாவது குரோமோசோமின் இப்பகுதியையே முதன்மையாகச் சுட்டியது. அங்குப் புதிய மரபணுக்களையும் காட்டியது.

மட்டாஞ்சேரி யூதரின் வரலாறு இவ்வகையில் ஒரு பாடமாகும். யூதர் என்ற பெயரைக் கேட்டதும், அஷ்கெனாசி யூதரிடம் கண்ட மரபணுக்களை இவர்களிடமும் எதிர்பார்ப்பது எளிது. 2016-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, கொச்சி யூதரின் வம்சத்தில் இந்திய மூலமும் யூத மூலமும் கலந்திருப்பதையும், ஏறத்தாழ 470 முதல் 730 ஆண்டுகளுக்கு முன்னர் ஏமன், ஸ்பெயின், மத்தியக் கிழக்கு ஆகிய மரபுகளின் யூத வம்சம் அதில் வந்து சேர்ந்ததையும் காட்டியது. பெயர் ஒன்றாயிருப்பதால் மரபணு ஒன்றாயிருக்கும் எனக் கொள்ளலாகாது. ஒரே தொழுகைக் கூடத்தின் பெயரேட்டில் இடம் பெற்றவர்களிடையேகூட வம்சத்தின் அடுக்குகள் பல.

இதிலிருந்து பிறக்கும் விஞ்ஞான எச்சரிக்கை மிக எளிது. ஒரு மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் பெரும்பாலும் ஒரு சமூகத்தவராகவும், ஒப்பிடுவதற்காக இரத்தம் கொடுத்த ஆரோக்கியர் மற்றொரு சமூகத்தவராகவும் இருப்பின், வம்சத்தால் வேறுபடும் மரபணுக்கள் அனைத்தும் நோயின் மரபணுக்கள் போல வேடமிட்டு நிற்கும். மேலே கூறிய இரண்டாம் நிபந்தனை அங்கே முறிந்துவிடும். நோயாளியையும் ஆரோக்கியரையும் ஒரே சமூகத்திலிருந்து, இயன்றால் ஒரே குடும்பத்திலிருந்து, தேர்ந்தெடுப்பதே இதற்கு மாற்று. உடன்பிறந்தாரை ஒப்பிடும்போது வம்ச வேற்றுமை தொல்லை தருவதில்லை.

அகமண வழக்கம் வாய்ப்பாகவும் அமையும். ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தினரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 சமூகங்கள், அஷ்கெனாசி யூதரையும் பின்லாந்தினரையும் விடச் சிறிய மூதாதையர் கூட்டத்தின் வழிவந்தவை என அது காட்டியது. இத்தகைய சமூகங்களில் அரிய நோய் மரபணுக்கள் செறிந்து காணப்படும். ஆரிய வைசியரில் சிலருக்கு அறுவைக்கு முன் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் அதன் விளைவு அளவுக்கு மீறி நீடிப்பது மயக்க மருந்து வல்லுநர் நன்கறிந்ததே. அது ஒரே என்சைமின் பிறவிக் குறைவால் நேர்வது. இவ்வுண்மை தெரிந்தபின் உயிருக்கு வரும் ஆபத்தை ஒரு கேள்வியாலேயே தவிர்க்க இயல்கிறது. குடல், ஈரல் நோய்களிலும் அத்தகைய பயன் கிட்டலாகாதா?

முதலில் செய்யத்தக்கது

இங்கு ஒரு மறுப்பு எழுவது இயல்பு. சுத்தமான குடிநீரும் காமாலைத் தடுப்பும் இன்னும் முழுமையாக எட்டாத நாட்டில், இத்தகைய அரிய நோய்களின் மரபணுக்களைத் தேடுவது ஆடம்பரமல்லவா என்று கேட்பர். இவ்வாதம் முற்றும் தள்ளத்தக்கதன்று. எனினும், குடல் அழற்சி நம் நாட்டுக்கு அந்நியமானது என்ற எண்ணம் பழமையாகிவிட்டது. பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு, இலட்சம் பேருக்கு 44 பேர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உடையவர் எனக் கண்டது. மக்கள் தொகையால் பெருக்கினால் அஃது ஒரு சிறு கூட்டமன்று.

ஆயினும் மறுப்பில் ஓர் உண்மை உண்டு: ஆராய்ச்சியின் வரிசை முக்கியம். நம் நாட்டில் குடற் காசம் குரோன் நோயைப் போலவே தோற்றமளித்து மருத்துவரை ஏமாற்றும். பித்த நாளம் குறுகுவதற்குக் கற்களும், காஷ்மீரத்தில் விரிவாக ஆராயப்பட்டது போன்று நாளத்துள் புகும் நாக்குப்பூச்சிகளும், போர்ட்டல் சிரை அடைபடுவதும் காரணமாகலாம். இவற்றைப் பிரித்தறியாமல் திரட்டிய மாதிரிகளிலிருந்து எத்துணை நுட்பமான கணிதமும் மெய்யை வடித்தெடுக்க இயலாது. ஐரோப்பாவை விட இந்தியக் குடல் நோயாளிகளிடம் பித்த நாள நோய் குறைவாகக் காணப்படுவது மரபணுவின் வேற்றுமையாலா, தேடாமையாலா என்ற கேள்விக்கும் நோயறிதலே முதல் விடை.

எனவே முதற்படி ஆய்வுக்கூடத்தில் அன்று, வெளிநோயாளர் பிரிவிலேயே எடுத்து வைக்கப்படுதல் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் குடல் பிரிவும் ஈரல் பிரிவும் ஒரே பதிவேட்டைப் பராமரிக்கலாம். குடல் அழற்சியுடைய ஒவ்வொருவருக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் மலிவான இரத்தச் சோதனையை ஆண்டுதோறும் செய்யலாம். அது உயர்ந்து நிற்பவர்களுக்குக் காந்தப் படத்தால் பித்த நாளங்களை நோக்கலாம். பித்த நாள நோயுடைய ஒவ்வொருவருக்கும், வயிற்றுத் தொல்லை இல்லையெனினும், பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் சோதிக்கலாம். ஸ்வீடனில் நடந்த ஆய்வில் இந்நோயாளிகளின் உடன்பிறந்தாருள் நூற்றுக்கு ஒன்றரைப் பேரிடம் அதே நோய் காணப்பட்டது. ஆகையால் குடும்ப வரலாற்றையும் கேட்டு எழுதுதல் தகும். இவ்வேற்பாட்டால் மரபணு ஒன்றும் கண்டுபிடிக்கப்படாவிடினும் நோயாளிக்கு இன்றே நன்மை உண்டு. கண்டுபிடிக்கப்படுமாயின் அதற்கு நம்பத்தக்க அடித்தளமும் உண்டு. ஒப்பீட்டுக்குரிய ஆரோக்கியர் மரபணுக்களைப் பொறுத்தவரை, நம் நாட்டின் பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதிகளை வாசித்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்கு வழங்கப்பட்டுள்ளமை பெருந்துணையாகும்.

கொடுத்தவர்க்குரிய கடன்

இறுதியாக ஒன்று. சிறு சமூகத்தில் ஒரு நோய் மரபணு காணப்பட்டதென்ற செய்தி, அறிவியல் இதழோடு நிற்பதில்லை. அது தெருவுக்கு வரும். பெண் பார்க்கும் வீட்டுக்கும் வரும். ஒரு வம்சத்துக்கே நோயாளி வம்சம் என்ற பெயர் சூட்டப்படலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட ஒழுக்க நெறிகள் ஒவ்வொருவரின் இசைவையும் கட்டாயமாக்குகின்றன. ஆனால் ஆங்கிலப் படிவத்தில் இட்ட கையொப்பம் இசைவாகாது. மட்டாஞ்சேரியில் அவ்விளக்கம் மலையாளத்திலும், கொங்கணியிலும், குஜராத்தியிலும், தமிழிலும் அமைய வேண்டும். மரபணு விதியன்று, அது நோயின் சாத்தியத்தை மட்டுமே கூட்டுகிறது என்பதைச் சாதாரண மக்கள் அறியுமாறு சொல்ல வேண்டும். இரத்தம் கொடுத்தவர்க்கு ஆராய்ச்சியின் முடிவும், சிகிச்சைக்கான வழியும் திரும்பிச் சென்று சேர வேண்டும்.

காலமும் காத்திருப்பதில்லை. கொச்சி யூதரில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்கள் வாழ்ந்த தெரு இருக்கிறது. பாட்டன் எந்நோயால் இறந்தான், அத்தைக்கு எந்த வயதில் காமாலை கண்டது என்று சொல்லத்தக்க குடும்பங்கள் அங்கு இல்லை. ஏனைய சமூகங்களிலும் இளந்தலைமுறை வேலை தேடிப் பரவுகிறது. கலப்பு மணமும் பெருகுகிறது. இது வருந்துதற்குரியதன்று, சமுதாயத்தின் இயல்பான வளர்ச்சியே. ஆயினும், மூத்தோரின் நினைவிலுள்ள நோய் வரலாறு எழுதப்படாமல் மறைந்தால் அதனை எந்தக் கருவியும் மீட்டுத் தராது. மரபணு பல தலைமுறை பொறுத்திருக்கும்; அதற்குப் பொருள் கூறும் பதிவேடு பொறுத்திராது. அதனை இப்போதே தொடங்குவது அரசு மருத்துவமனைகளின் கடமையாகும்.